மூங்கில் சைக்கிள் கட்டக் கிளம்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிப் புராஜெக்டுக்காக மூங்கிலில் சைக்கிள் கட்டப்போகும் மாணவர்களுக்கும், சொந்தப் பட்டறையில் ஒன்றைக் கட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும், அதையே தொழிலாக்க நினைப்பவர்களுக்கும் இந்த மடல்.

மூங்கில் ஃபிரேம் நல்ல ஃபிரேம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அதைப் புகழ்பவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி நிற்காதவை. மலிவு என்கிறார்கள், ஏழைகளின் வாகனம் என்கிறார்கள், முழுக்க இயற்கை என்கிறார்கள். அதைக் கண்டு தயங்குபவர்களோ கழி முறிந்து ஆள் கீழே விழுந்துவிடுவாரோ என்று பயப்படுகிறார்கள். நன்றாகப் பதப்படுத்திய கழி அப்படி முறிவதில்லை. விடுவது பெரும்பாலும் மூட்டுதான். இந்த மடலில் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

யோசனை புதிதல்ல. 1894-இல் லண்டனின் ஸ்டான்லி கண்காட்சியில் பாம்பூ சைக்கிள் கம்பெனி தன் வண்டிகளைக் காட்சிக்கு வைத்தது. 1896-இல் அமெரிக்காவில் ஆகஸ்ட் ஓபெர்க், ஆண்ட்ரூ குஸ்டாஃப்ஸன் என்ற இருவர் மூங்கில் ஃபிரேமுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்தக் கால வண்டிகளில் கழியின் முனையை உலோகக் குழலுக்குள் செருகி இறுக்குவதுதான் வழக்கம். மூங்கில் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். உலோகம் இரண்டுக்கும் அசையாது. இரண்டு மூன்று பருவம் மாறினால் அந்த இறுக்கம் தளராமல் இருக்க வழியில்லை. அதே சமயம் எஃகு வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. 1897-இல் பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் எஃகுக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார்கள். எங்கே பலம் வேண்டுமோ அங்கே மட்டும் உலோகம் என்ற அந்த ஏற்பாட்டுக்கு முன்னால் மூங்கிலால் நிற்க முடியவில்லை. அடுத்த நூறு ஆண்டு அது சைக்கிள் உலகில் ஒரு வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது.

அதை மீட்டவர் கலிஃபோர்னியாவின் கிரெய்க் கால்ஃபீ. கார்பன் இழை ஃபிரேம் கட்டுவதில் பெயர் வாங்கியவர். 1991 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கிரெக் லெமாண்டின் அணி ஓட்டியது அவர் செய்த ஃபிரேம்களை. தன் நாய் கடித்து விளையாடிய குச்சிகளில் மூங்கில் மட்டும் நொறுங்காததைக் கவனித்து, 1990-களின் நடுவில் முதல் மூங்கில் ஃபிரேமைக் கட்டினார். கண்காட்சியில் ஆட்களை இழுக்கத்தான் அதைச் செய்தார். ஓட்டிப் பார்த்தபோது அதன் மென்மை அவரையே மனம் மாற வைத்தது. கார்பனில் கைவந்த மூட்டு முறையை அவர் மூங்கிலுக்குக் கொண்டுவந்தார்: உலோகக் குழல் கிடையாது, கழிகள் சந்திக்கும் இடத்தில் எபாக்ஸி தோய்த்த இழையைச் சுற்றிச் சுற்றிக் கட்டி இறுகவிடுவது. இன்று உலகில் கட்டப்படும் மூங்கில் ஃபிரேம்களில் பெரும்பாலானவை இந்த முறையைப் பின்பற்றுபவை. மூங்கிலை மறுபடி சைக்கிளுக்குள் கொண்டுவந்தது எபாக்ஸிதான் என்று சொன்னால் தவறில்லை.

இனி கழியைப் பார்ப்போம். எஃகின் விறைப்பு 200 கிகாபாஸ்கல். நல்ல மூங்கிலின் நீளவாக்கு விறைப்பு 15 முதல் 20. பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே பாடு என்று தோன்றும். ஆனால் எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், மூங்கிலுக்கு 0.6 முதல் 0.8. விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அலுமினியமும் டைட்டானியமும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. ஒரு உதாரணம்: 31.8 மி.மீ. விட்டமும் 0.8 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுக் குழாய் ஒரு மீட்டருக்கு 600 கிராம் சொச்சம் வரும். 40 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. சுவரும் உள்ள மூங்கில் கழி மீட்டருக்கு 400 கிராம் அளவில் அடங்கிவிடும். வளைவைத் தாங்குவதில் எஃகுக் குழாயின் முக்கால் பங்கு அதற்குத் தேறும். கொஞ்சம் பருத்த கழியாக எடுத்தால் மீதிக் கால் பங்கும் சரியாகிவிடும்.

இது தற்செயல் இல்லை. மூங்கிலின் நார்கள் வெளித்தோலை நெருங்க நெருங்க அடர்த்தியாகின்றன; வளைவின் சுமை அதிகம் விழுவதும் அங்கேதான். உள்ளே கூடாக இருப்பதால் எடை மிச்சம். கணுக்களின் உள்தடுப்புகள் குழாய் நசுங்காமல் பிடித்துக்கொள்கின்றன. காற்றில் ஆடி ஆடி நிற்க வேண்டிய புல்லுக்கு வாய்த்த உடம்பு அது, சைக்கிளுக்கும் பொருந்திவிட்டது.

சாலையின் நடுக்கத்தை மூங்கில் உள்வாங்கிக்கொள்வது ஓட்டியவர் எல்லோரும் சொல்லும் முதல் சிறப்பு. பிரிட்டனின் எழுத்தாளர் கேட் ராவ்ல்ஸ், கார்ன்வாலின் ஈடன் திட்டத் தோட்டத்தில் வளர்ந்த மூங்கிலைக் கொண்டு தன் கையாலேயே ஒரு சைக்கிள் கட்டி, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுக 12,000 கிலோமீட்டருக்கும் மேல் மூட்டை முடிச்சுகளோடு ஓட்டினார். மூங்கில் தாங்குமா என்று கேட்பவருக்கு அந்தப் பயணமே போதும்.

ஆனால் உங்களில் யாராவது கூடை முடைபவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுண்டா? அரிவாளைக் கழியின் தலையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் அடிவரை பிளந்துகொண்டு போகும். பிளாச்சு எடுப்பவருக்கு அது வரம். சைக்கிள் கட்டுபவருக்கு அதே குணம்தான் முதல் எதிரி. நீளவாக்கில் மூங்கில் எவ்வளவு வலுவோ, குறுக்குவாக்கில் அவ்வளவு பலவீனம். நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் சதை மெலிந்தது. போல்ட் போட ஓட்டை துளைத்தால் அங்கிருந்து வெடிப்பு ஓடும். சீட்டைப் பிடிக்கும் கிளாம்பை நேரே கழியின் மேல் இறுக்கினால் அங்கே பிளக்கும். தண்ணீர் பாட்டில் மாட்டும் சின்ன ஸ்க்ரூகூட யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

முறுக்கும் அப்படித்தான். வளைவில் எஃகுக்குப் பக்கத்தில் வரும் கழி, முறுக்கில் பல மடங்கு பின்தங்கிவிடுகிறது. முக்கோண வடிவ ஃபிரேமில் பெரும்பாலான சுமை கழிகளின் நீளவாக்கில் போவதால் அன்றாட ஓட்டத்தில் இது தெரியாது. சீட்டைவிட்டு எழுந்து நின்று முழுப் பலத்தோடு மிதிக்கும்போது பெடல் பக்கம் பக்கவாட்டில் ஆடுவது தெரியும். பந்தயத்துக்கு மூங்கிலைத் தேடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஊர் ஓட்டத்துக்கும் நெடும்பயணத்துக்கும் தேடுபவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கவலை எல்லாம் மூட்டுக்காக இருக்கட்டும். ஹேண்டில்பார் தண்டு நுழையும் குழாய், பெடல் அச்சு சுழலும் கூடு, சீட் கம்பி இறங்கும் உறை, பின்சக்கர அச்சைப் பிடிக்கும் தகடுகள் ஆகிய நான்கும் உலோகத்தில்தான் இருந்தாக வேண்டும். மூங்கில் உலோகத்தைத் தொடும் இந்த இடங்களில்தான் வாழ்வும் சாவும். அலுமினியத்தின் மேல் எண்ணெய்ப் பசை ஒரு சொட்டு இருந்தாலும் எபாக்ஸி பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். மூங்கிலின் வழவழப்பான தோலையும் மூட்டுப் பகுதியில் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அதன் மெழுகுத்தன்மை பசையை ஏற்காது. கார்பன் இழை சுற்றுபவர்கள் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் இடையில் கண்ணாடி இழை ஒரு சுற்றுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மழை ஈரம் பட்டு அலுமினியம் அரித்துப்போகும். சணல், ஆளி போன்ற நாரைச் சுற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நார் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், பசை நார் முழுக்க ஊற வேண்டும், சுற்றிய பிறகு ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டி மிகுதிப் பசையைப் பிதுக்கி எடுக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்காக ஒரு எச்சரிக்கை. அறை வெப்பத்திலேயே இறுகும் சாதாரண எபாக்ஸி பலவும் 50, 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிழலில்லாமல் நிறுத்திய வண்டியின் கறுப்பு மூட்டு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அதனால் அதிக வெப்பம் தாங்கும் எபாக்ஸியை வாங்குங்கள். தயாரிப்பாளர் சொல்லும் சூட்டில், சொல்லும் நேரம் வைத்து அதை இறுகவிடுங்கள். குளிர்நாட்டு வகுப்புக் காணொளிகளில் இந்தப் பேச்சு வராது, அவர்களுக்குத் தேவைப்படாது. இன்னொன்று: எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு அந்த வேலையே செய்ய முடியாமல் போகலாம். கையுறை, மூட்டைத் தேய்க்கும்போது முகக்கவசம், இரண்டிலும் சிக்கனம் வேண்டாம்.

முன்பக்க ஃபோர்க்கை மூங்கிலில் கட்டாதீர்கள். அனுபவமுள்ள பட்டறைகளே எஃகு அல்லது கார்பன் ஃபோர்க்கைத்தான் மாட்டுகின்றன. ஃபிரேமின் மூட்டு தளர்ந்தால் முதலில் கிறீச்சிட்டு முன்னறிவிப்புக் கொடுக்க வாய்ப்பு உண்டு. ஃபோர்க் விட்டால் ஆள் தலைகுப்புற விழுவார்.

பதப்படுத்துதலைப் பற்றி எத்தனை சொன்னாலும் போதாது. புராஜெக்டுகள் பாழாவது இங்கேதான், காரணம் அவசரம். இந்தப் பருவத் தேர்வுக்குள் முடிக்க வேண்டும் என்று போன வாரம் வெட்டிய பச்சைக் கழியில் கட்டினால், ஆறு மாதத்தில் மூட்டுக்குள்ளேயே கழி சுருங்கிக் கழன்றுவிடும். கழி மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்க வேண்டும். இளசு சுருங்கிப்போகும், முற்றிக் கிழடானது நொறுங்கும். மழைக்காலம் முடிந்து, புதுக் குருத்து விடாத வறண்ட மாதங்களில் வெட்டினால் மாவுச்சத்து குறைவாக இருக்கும். மூங்கிலை உளுக்க வைக்கும் வண்டு தேடி வருவது அந்த மாவுச்சத்தைத்தான். குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போடும் பழைய வழக்கம் மாவையும் சர்க்கரையையும் கரைத்து வெளியேற்றுவதற்குத்தான். இன்று வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது எளிதான, நம்பகமான வழி. அதன்பின் நிழலில், காற்றோட்டத்தில், நிறுத்திவைத்து மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். ஈரப்பதம் 10, 12 சதவீதத்துக்கு இறங்கியதா என்று ஈரமானி வைத்துப் பாருங்கள், கண்ணால் தெரியாது. வெடிப்பு விட்ட கழிகளை உலரும் போதே கழித்துக் கட்டிவிடலாம். தேவைக்கு இரண்டு மடங்கு கழியோடு தொடங்குவது இதற்காகத்தான். கட்டி முடித்த பிறகு வார்னிஷ் வெளியே மட்டும் போதாது, கழியின் வெட்டுமுனைகளையும் உட்புறத்தையும் அடைக்க வேண்டும்.

எந்த மூங்கில்? நம் மலைச்சாரல்களில் கிடைக்கும் கல்மூங்கில் உட்கூடு சிறுத்து, சில இடங்களில் கூடே இல்லாமல் வளரும். லத்திக் கம்பு செய்வது அதில்தான். எடை கூடுதல், ஆனால் பின்பக்க மெல்லிய கழிகளுக்கு அதைப்போல் கிடைக்காது. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில், தெமங்குங்கில், சிங்கி கார்தோனோ தன் ஸ்பெடாகி சைக்கிளுக்கு வேறொரு வழி கண்டார். பருத்த பெதுங் மூங்கிலைப் பிளந்து, இரண்டு கனத்த பட்டைகளை எதிரெதிராக ஒட்டிக் குழாயாக்கினார். முழுக் கழி தானாக வெடிக்கும் ஆபத்து இதில் வெகுவாகக் குறைகிறது, ஒரே அளவில் குழாயும் கிடைக்கிறது. 2022 ஜூனில் போகோர் மாளிகைத் தோட்டத்தில் அன்றைய அதிபர் ஜோகோ விடோடோவும் ஆஸ்திரேலியப் பிரதமர் ஆந்தனி ஆல்பனீசியும் சேர்ந்து ஓட்டியது மூங்கில் சைக்கிள்களைத்தான். கூடை முடையும் கைகள் நிறைந்த நம் ஊருக்கு ஸ்பெடாகி முறை முழுக் கழி முறையைவிட நன்றாகப் பொருந்தும் என்பது இந்த மடலின் துணிபு. யாராவது செய்து பார்க்க வேண்டும்.

தொழிலாக்க நினைப்பவர்களுக்கு ஆப்பிரிக்காவின் கதை முக்கியம்.

2007-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹோவும் ஜான் மட்டரும் கால்ஃபீயோடு சேர்ந்து கானாவில் மூங்கில் சைக்கிள் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோக்கம் உயர்ந்தது: கிராமத்துச் செம்மண் பாதையில் விளைச்சலைச் சுமந்து போகக்கூடிய, உள்ளூர் மூங்கிலில் உள்ளூர் ஆட்களே கட்டக்கூடிய, விலை குறைந்த வண்டி. மூங்கில் கிடைத்தது. கைகளும் கிடைத்தன. ஆனால் சைக்கிளில் ஃபிரேம் ஒரு பகுதிதானே? செயின், சக்கரம், பிரேக், கிராங்க் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். ஃபிரேமுக்கே எபாக்ஸியும் உலோகத் துண்டுகளும் இறக்குமதி. மறுபக்கம் ஆசியத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளும் எஃகு வண்டி. விலையில் அதை வெல்ல வழியில்லை.

அதற்காகக் கானாவின் மூங்கில் சைக்கிள் அழிந்துவிடவில்லை, வேறு பாதையில் வளர்ந்தது. பெர்னிஸ் டாபா முன்னின்று நடத்தும் கானா பாம்பூ பைக்ஸ் இனிஷியேட்டிவ் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஃபிரேம் கட்டும் தொழிலைக் கற்றுத் தருகிறது. அஷாந்தி பகுதியின் யோன்சோ திட்டத்தில் கட்டப்படும் ஃபிரேம்கள் ஜெர்மனியின் கீல் நகருக்குப் போய், மை பூ நிறுவனத்தின் சைக்கிள்களாகின்றன. ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 80 மணி நேரக் கைவேலை என்று அந்த நிறுவனம் சொல்கிறது. விற்பனை வருமானத்தின் ஒரு பகுதி அங்கே பள்ளிக்கூடமாகியிருக்கிறது. பிலிப்பைன்ஸில் பிரையன் மெக்லெலண்டின் பாம்பைக்கும் தார்லாக் கிராமத்துக் கைகளை நம்பியே நடக்கிறது, மணிலாவின் பழைய கோட்டைப் பகுதியில் சுற்றுலா ஓட்டமும் நடத்துகிறது. நம் நாட்டில் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற சசிசேகர் பதக் புனேவில் பாம்பூச்சி என்ற பெயரில் கட்டுகிறார். நிலைத்து நின்றவர்கள் யாரும் விலை மலிவைக் காட்டி நிற்கவில்லை. நேர்த்தியான கைவேலைக்கு நல்ல விலை கேட்டார்கள், கிடைத்தது.

எண்பது மணி நேரம் உழைத்த ஒருவருக்கு நியாயமான கூலி கொடுத்தால் அந்த ஃபிரேம் மலிவாக இருக்கவே முடியாது. மலிவாக இருந்தால் யாரோ ஒருவருடைய கூலி பிடிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சுற்றுச்சூழல் பற்றிய பேச்சையும் அளந்து பேசுங்கள். மூங்கில் வேகமாக வளர்கிறது, வெட்டினால் அதே குத்திலிருந்து மறுபடி முளைக்கிறது, உருக்காலை வேண்டாம். இதெல்லாம் உண்மை. ஆனால் முழு வண்டி 12, 15 கிலோ இருந்தால் ஃபிரேம் அதில் இரண்டு மூன்று கிலோதான், மீதி எல்லா சைக்கிளிலும் உள்ள அதே எஃகு, அலுமினியம், ரப்பர். மூட்டில் உள்ள எபாக்ஸி மக்காது, உருக்கவும் முடியாது. பழைய எஃகு ஃபிரேமைக் காயலான் கடையில் போட்டால் மறுபடி எஃகாகிவிடும். அதைவிட முக்கியம், எஃகு ஃபிரேம் உடைந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் சரிசெய்யலாம். மூங்கில் மூட்டு தளர்ந்தால் கட்டியவரே வந்து சுற்ற வேண்டும். ஆக, விற்கும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பழுதுபார்த்துத் தரும் பொறுப்பும் சேர்த்தே விற்கப்படுகிறது. அதை ஏற்காமல் இந்தத் தொழிலில் இறங்குவது முறையல்ல.

மூலப்பொருளுக்கு இப்போது சட்டத் தடை பெரிதாக இல்லை. 2017-இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. பட்டா நிலத்தில் வளர்த்தவர் வெட்டி விற்கலாம். 136 வகை மூங்கில் இந்த நாட்டில் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் சைக்கிளுக்குத் தோதானவை எவை, எந்த மண்ணில் விளைந்த கழிக்கு எவ்வளவு சுவர்த் தடிமன், உலரும்போது எவ்வளவு வெடிக்கிறது என்று ஊர் வாரியாக அளந்து எழுதிவைத்தால் ஒரு நல்ல ஃபிரேமைவிட அது பெரிய பங்களிப்பு. கல்லூரி மாணவர்களால் செய்யக்கூடியதும்கூட.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டி முடித்த ஃபிரேமைப் படமெடுத்துப் பரிசு வாங்கியதோடு நிறுத்திவிடாதீர்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரவிதியில் பெடல் மிதிக்கும் சுமையை ஆயிரக்கணக்கான முறை கொடுத்தும், முன்சக்கரம் மோதும் அடியைக் கொடுத்தும் சோதிக்கும் முறைகள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியின் இயந்திரவியல் ஆய்வகத்தில் அதற்கான ஏற்பாட்டை அமைக்க முடியும். ஒரு ஃபிரேமை உடையும்வரை சோதியுங்கள், எங்கே விட்டது என்று எழுதுங்கள், தோற்றதையும் சேர்த்து வெளியிடுங்கள். அந்தச் சோதனையில் தேறாத ஃபிரேமில் இன்னொருவரை ஏற்றாதீர்கள்.